பிரிட்டன்காரரிடம் மெச்சத்தக்க அன்றாடப் பழக்கம் எது? மகள் மான்செஸ்டர் போகிறாள்

மெரிபேங்க்_அம்மா கேட்டது:

மகளுக்கு மான்செஸ்டரில் என்.ஹெச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அடுத்த மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து புறப்படுகிறாள். "அங்கே எல்லாரும் ரொம்ப மரியாதை" என்று சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மெச்சத்தக்க பழக்கம் என்றால் அது எப்படி நடக்கிறது, எங்கே சறுக்கும், இங்கே பழகியதில் எதை விட வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இங்கே எங்கள் கோயில் கமிட்டிக்கு உதவுகிற மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

பத்தாவது_ஆள்:

முதலில் கியூ. அது பிறவிக் குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1940 ஜனவரியில் உணவுப் பங்கீடு தொடங்கி 1954 ஜூலை வரை நீடித்தது. பதினாலு வருஷம் கூப்பன் புத்தகத்தோடு கடை வாசலில் நின்ற சமூகம் அது. பழக்கம் நின்று நின்று வந்ததுதான்.

கண்ணுக்குத் தெரியும் வரிசை சுலபம், கடைசியில் போய் நின்றால் போதும். தெரியாத வரிசையில்தான் புதிதாகப் போகிறவர்கள் மாட்டுவார்கள். பஸ் ஸ்டாப்பில் ஆளாளுக்கு ஒரு மூலையில் நிற்பார்கள், வரிசையே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் யார் முன்னால் வந்தார் என்பது எல்லோர் மனதிலும் பதிந்திருக்கும். பஸ் வந்ததும் அந்த ஒழுங்கில் தானாகச் சேர்ந்துகொள்வார்கள். போனதும் யார் யார் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பஸ் தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது, கையை நீட்ட வேண்டும். இங்கே மினிபஸ் டாக்ஸிக்கு விரல் காட்டுவது போல விரலுக்கு ஒரு ஊர் என்ற கணக்கெல்லாம் அங்கே இல்லை. இறங்கும்போது டிரைவருக்கு ஒரு "தேங்க்ஸ்".

பப் கவுண்டரும் அப்படித்தான். எல்லோரும் பக்கவாட்டில் பரவி நிற்பார்கள். பணியாளர் தவறுதலாக உங்களைக் கேட்டுவிட்டால் "இவர் எனக்கு முன்னால்" என்று கைகாட்ட வேண்டும். பணத்தை ஆட்டிக் கூப்பிடுவது, விரலைச் சொடுக்குவது இரண்டும் ஆகாது.

பெரிய வரிசைக்கு எழுதிய விதியே உண்டு. விம்பிள்டன் டென்னிஸ் டிக்கெட் வரிசையில் சேர்ந்ததும் தேதியும் எண்ணும் போட்ட அட்டை தருவார்கள், ஆளுக்கு ஒன்று, மாற்றிக் கொடுக்க முடியாது. கழிப்பறைக்கோ சாப்பாட்டுக்கோ போனால் 30 நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும். "என் தம்பி வருகிறான், அவனுக்கு இடம்" என்பது செல்லாது. 2022 செப்டம்பரில் ராணி எலிசபெத்தின் உடலைப் பார்க்க சுமார் இரண்டரை லட்சம் பேர் தேம்ஸ் கரையில் நின்றபோதும் இதே முறைதான்: கையில் எண்ணிட்ட பட்டை, அதைக் காட்டி வெளியே போய்விட்டுத் தன் இடத்துக்குத் திரும்பலாம்.

கமிட்டிக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்று: பல கவுண்டர், ஒரே வரிசை. பிரிட்டிஷ் தபால் அலுவலகங்களில் "கேஷியர் நம்பர் ஃபோர், ப்ளீஸ்" என்று ஒலிபெருக்கி அழைக்குமே, அதுதான். கவுண்டருக்கு ஒரு வரிசை வைத்தால் ஒரு பாட்டி சில்லறை தேடும் நேரத்தில் அவர் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் தண்டனை அனுபவிப்பார்கள். ஒரே வரிசையில் அந்தத் தாமதம் எல்லோருக்கும் பங்காகிவிடும், முந்துவதற்கும் வழி இருக்காது. காவடி அன்று சாப்பாட்டுக்கு நாலு பேர் பரிமாறினால், வரிசையின் தலையைப் பரிமாறும் மேசைக்கு இரண்டு மீட்டர் முன்னால் தரையில் கோடு போட்டு நிறுத்துங்கள். கோடு இல்லாவிட்டால் வரிசை தானாக இரண்டாகப் பிளக்கும். நாலு பேரும் முழுத் தட்டையும் தனித்தனியாகத் தர வேண்டும். ஒருவர் சோறு, ஒருவர் குழம்பு என்று பிரித்தால் மெதுவான ஒரு கரண்டிதான் எல்லாருடைய வேகத்தையும் நிர்ணயிக்கும்.

---

ரெய்ஸ்தோர்ப்_தாத்தா:

வரிசையை மெச்சும்போது ஒன்றையும் மறக்காதீர்கள். இதே டர்பன் தபால் அலுவலகத்தில் இந்தப் பகுதி நேட்டால் என்ற பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்தில் வெள்ளையருக்கு ஒரு வாசல், மற்றவர்களுக்கு ஒரு வாசல். காந்தியும் நேட்டால் இந்தியன் காங்கிரஸும் எழுதிக் கேட்டதில் கிடைத்தது என்ன? இந்தியருக்கென்று மூன்றாவதாக ஒரு வாசல்! கூலி ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பாமல் இருந்த நம் ஆட்கள் மேல் 1895 சட்டம் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி போட்டது. அது நீங்க 1914 ஆயிற்று. வரிசை என்றால் ஒரே வாசல் வேண்டும், தம்பி.

---

பத்தாவது_ஆள்:

தாத்தா சொல்வது சரி. நான் பேசுவது கடை வாசலில் நிற்கிற சாதாரண ஆளின் பழக்கத்தைப் பற்றி. கவர்னர் மாளிகைக்கு நற்சான்று எழுதவில்லை.

---

கெட்டில்_போடு:

அக்கா, வார்டில் உங்கள் மகளை அவர்கள் எடைபோடப் போவது டீயில்தான். அங்கே "டீ ரவுண்டு" என்று ஒன்று உண்டு. தனக்கு டீ வேண்டும் என்று எழுகிறவர் கண்ணில் படும் எல்லோரையும் கேட்க வேண்டும். தனக்கு மட்டும் ஒரு கோப்பை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள். முதல் நாளிலேயே யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பால் எவ்வளவு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டால் பாதி வார்டு சிநேகமாகிவிடும். டீத்தூள், பாலுக்கு மாதம் ஒரு சிறு தொகை பொதுவாகப் போடுவார்களா என்று கேட்டு, கேட்ட அன்றே கொடுத்துவிடட்டும்.

போடும் முறை: கெட்டிலில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கும்போதே டீப் பையின் மேல் ஊற்ற வேண்டும். மூன்று நான்கு நிமிடம் விட்டு, பையை எடுத்த பிறகுதான் பால். பை உள்ளே இருக்கும்போதே பாலை ஊற்றினால் சூடு இறங்கி டீ இறங்காது, சாம்பல் நிறத்தில் ஒரு திரவம் கிடைக்கும். பையைக் கரண்டியால் நசுக்கினால் துவர்ப்பு ஏறும். இங்கே 100 பை கொண்ட பெட்டி 250 கிராம் இருக்கும், அங்கே 80 பைக்கே 250 கிராம். பை கனம், அதனால் இங்கே போல இரண்டு பை போட வேண்டாம். பாலில் ஏலக்காயோடு கொதிக்கவிடும் நம் வீட்டு டீயை வீட்டோடு வைத்துக்கொள்ளட்டும்.

இதற்கு ஒரு பிரிட்டிஷ் தரநிர்ணயமே இருக்கிறது: பி.எஸ். 6008, ஆண்டு 1980. 100 மில்லிக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். 1999-ல் இதற்கு இக் நோபல் என்ற கேலிப் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். ஆனால் அது தேயிலை ருசி பார்ப்பவர்கள் ஒரே அளவில் ஒப்பிடுவதற்கான முறை, குடிக்கப் போகிறவருக்கு 6 நிமிடம் அதிகம்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். மான்செஸ்டருக்கு 1894 முதல் லேக் டிஸ்ட்ரிக்டின் தேர்ல்மியர் ஏரித் தண்ணீர் வருகிறது, மென்நீர், டீ தெளிவாக இருக்கும். லண்டனுக்கு மாற்றலானால் சுண்ணாம்பு நீர், மேலே ஆடை படியும், கெட்டிலில் வெள்ளைப் பொருக்கு பிடிக்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து கொதிக்க வைத்து, ஒரு மணி நேரம் விட்டு, இரண்டு தடவை அலசினால் போகும்.

பழக்கத்தின் அளவு தெரிய வேண்டுமா? 1990 ஜூலை 4, உலகக் கோப்பை அரையிறுதி, இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும். பெனால்டி முடிந்த நிமிடம் நாடே எழுந்து கெட்டிலைப் போட்டதில் மின்தேவை 2,800 மெகாவாட் எகிறியது. நம் மின்வெட்டுக் கணக்கில் ஸ்டேஜ் 3-க்குக் (3,000 மெகாவாட்) கொஞ்சம் குறைவு! அவர்களுக்கு விளக்கு அணையவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

---

டோங்காட்_ஸ்டியரிங்:

கார் ஓட்டுவாள் என்றால் இதைக் காட்டுங்கள். இடப்பக்கம் ஓட்டுவது ஒன்றுதான், மற்றதில் நிறைய வித்தியாசம்.

இங்கே சாலையோர மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒதுங்கி வழிவிடுவோம், முந்தியவர் ஹசார்டு (அபாய எச்சரிக்கை) விளக்கை இரண்டு தடவை மினுக்கி நன்றி சொல்வார். அங்கே மோட்டார்வே (அதிவேக நெடுஞ்சாலை) ஓரப் பாதையில் ஓட்டுவது குற்றம். ஓடும் வண்டியில் ஹசார்டு என்றால் "முன்னால் தடை, கவனம்" என்று மட்டுமே பொருள். நன்றிக்கு ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கினால் போதும். குறுகிய தெருவில் நிறுத்திய கார்கள் உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள்தான் நின்று எதிரே வருபவரை விட வேண்டும். விடப்பட்டவர் கை தூக்காமல் போனால் அது பெரிய குறை! எதிர்வண்டி ஹெட்லைட்டை மினுக்கினால் பெரும்பாலும் "நீ வா" என்று அர்த்தம், ஆனால் நெடுஞ்சாலை விதிநூல் அதை "நான் இருக்கிறேன்" என்று மட்டும்தான் ஒப்புக்கொள்கிறது. அதனால் கண்ணால் பார்த்துவிட்டே நகர வேண்டும்.

நாலு பக்க ஸ்டாப்பில் முதலில் வந்தவர் முதலில் என்ற நம் கணக்கு அங்கே வேண்டாம், அந்தச் சந்திப்பே காணக் கிடைக்காது. தரையில் வெள்ளை வட்டம் வரைந்த குட்டி ரவுண்டபவுட்டிலும் வலப்பக்கம் இருந்து வருபவருக்கு வழி.

நான் மிகவும் மெச்சுவது பாதசாரிகள் கடக்கும் ஸீப்ரா கோடுகளை. மஞ்சள் உருண்டை மினுங்கும் கம்பங்கள் 1934-ல் வந்தன, போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா பெயரால் பெலிஷா பீக்கன் என்பார்கள். கறுப்பு வெள்ளைப் பட்டை 1951. ஒருவர் காலை வைத்துவிட்டால் வண்டி நின்றாக வேண்டும். இங்கேயும் சட்டத்தில் இருக்கிறது, வீதியில்தான் இல்லை. 2022 ஜனவரி முதல் பக்கத் தெருவுக்குள் திரும்பும் வண்டி, அங்கே கடக்கக் காத்திருப்பவருக்கும் வழிவிட வேண்டும். டர்பன் கண்ணோடு ஓட்டுபவர் தடுமாறும் இடம் இதுதான்.

நம் லைசென்ஸில் 12 மாதம் ஓட்டலாம். கார் லைசென்ஸை 5 வருஷத்துக்குள் டெஸ்ட் இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமல் 12 மாதம் தாண்டினால் ஓட்ட உரிமை இல்லை.

---

மெரிபேங்க்_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. பேச்சு எப்படி? இங்கிலீஷ்தானே என்று அவள் அலட்சியமாக இருக்கிறாள். கையில் காப்புக் கயிறு கட்டும் வழக்கமும் உண்டு.

---

நைட்_டியூட்டி:

இங்கிலீஷ்தான், ஆனால் அகராதி வேறு. "ஐ வில் டூ இட் ஜஸ்ட் நவ்" என்றால் இங்கே "அப்புறம் பார்க்கலாம்". அங்கே "இந்த நிமிடமே". மருந்து கொடுக்கும் நேரத்தில் இந்த ஒரு சொல் போதும் வம்புக்கு. "இன் டென் மினிட்ஸ்" என்று எண்ணாகச் சொல்லட்டும். போக்குவரத்து விளக்கை இங்கே போல "ரோபாட்" என்றால் முழிப்பார்கள். "ஆல் ரைட்?" என்று யாராவது கேட்டால் அது விசாரிப்பு அல்ல, வணக்கம். பதிலுக்கும் "ஆல் ரைட்?", நடந்துகொண்டே. "நாட் பேட்" என்றால் நன்றாக இருக்கிறது. "வித் ரெஸ்பெக்ட்" என்று தொடங்கினால் மறுக்கப் போகிறார்கள். மேலதிகாரி "யூ மைட் வான்ட் டு செக் தட்" என்றால் அது யோசனை இல்லை, உத்தரவு. இந்தச் சுற்றிவளைப்பை எல்லோரும் மெச்சுவார்கள், எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. நோயாளி "எ பிட் அன்கம்ஃபர்டபிள்" என்று சொன்னால் நல்ல வலியில் இருக்கலாம். 0 முதல் 10 வரை எவ்வளவு என்று எண் கேட்டே ஆக வேண்டும்.

மெச்ச வேண்டியது இன்னொன்று: பெயர் சொல்லி அறிமுகம். கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர் தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, வருகிறவர்கள் யாரென்றே சொல்லாமல் வேலையைப் பார்த்துவிட்டுப் போவதைக் கவனித்து, 2013-ல் "ஹலோ மை நேம் இஸ்" இயக்கத்தைத் தொடங்கினார். இரண்டு விநாடி வேலை: பெயர், என்ன பொறுப்பு, என்ன செய்யப் போகிறேன். இங்கே பதிவுபெற்ற நர்ஸ் எல்லோரையும் "சிஸ்டர்" என்கிறோம். அங்கே அது வார்டுப் பொறுப்பாளரின் பதவிப் பெயர், தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. அறுவை நிபுணரை "டாக்டர்" என்று அழைக்காமல் "மிஸ்டர்" அல்லது "மிஸ்" என்பார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை.

காப்புக் கயிறு: நோயாளியைத் தொடும் வேலையில் முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது. கைக்கடிகாரமும் வளையலும் ஆகாது, கல் இல்லாத ஒரு மோதிரத்தை மட்டும் அனுமதிப்பார்கள். கடிகாரத்தை மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். கயிறு ஈரத்தை உறிஞ்சிக் கிருமியை வைத்திருக்கும், கை கழுவும்போது அடியில் சோப்பு போகாது, தடைக்குக் காரணம் அதுதான். சமயக் காரணத்துக்காக அணியும் காப்பை முழங்கைக்கு மேலே தள்ளி நழுவாமல் நிறுத்துவதற்கு என்.ஹெச்.எஸ். உடை வழிகாட்டுதலில் இடம் உண்டு. துணிக் கயிற்றுக்கு அந்தந்த மருத்துவமனைதான் முடிவு செய்யும், அதனால் வேலையில் சேரும் முன்பே மேலாளருக்கு எழுதிக் கேட்கட்டும். காவடி விரதத்துக்குக் கட்டுவதானால் கட்டும் நாளும் அவிழ்க்கும் நாளும் சேர்த்து எழுதினால், அந்த நாட்களுக்கு விடுப்பையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். ட்யூட்டி அட்டவணை பல வாரம் முன்னாலேயே போட்டுவிடுவார்கள்.