வில்லோ சிப்: சாதனையா, விளம்பரமா?

பழைய கணக்கன்:
2024 டிசம்பரில் கூகுள் வில்லோ என்ற குவாண்டம் சிப்பைக் காட்டியது. சூப்பர் கம்ப்யூட்டருக்கு 1-க்குப் பின்னால் 25 பூஜ்யம் போட்ட அத்தனை ஆண்டுகள் ஆகும் கணக்கை ஐந்து நிமிடத்துக்குள் முடித்ததாம். பக்கத்து சீட்காரர் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அது என்ன கணக்கு என்று கேட்டால் பதில் இல்லை. எதேச்சையாகக் கோர்த்த சுற்றை ஓட்டி, வரும் விடைகளைப் பொறுக்குவது. யாருக்கும் பயன்படாது. 2019-லும் இதே கதைதான். கூகுளின் சிக்கமோர் சிப், 53 க்யூபிட் (குவாண்டம் கணினியின் பிட்), 200 விநாடி. சூப்பர் கம்ப்யூட்டருக்கு 10,000 ஆண்டு என்றார்கள். இரண்டரை நாள் போதும் என்றது ஐபிஎம். அப்புறம் சீன ஆய்வாளர்கள் 512 ஜிபியுவில் (கிராபிக்ஸ் சிப்) 15 மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

குளிர்பெட்டி:
ஆண்டுக் கணக்கை விடுங்கள் சார், அதை நானும் தூக்கிப் பிடிக்க மாட்டேன். வில்லோவைக் காட்டிய அதே நாளில் நேச்சர் அறிவியல் இதழில் வந்த கட்டுரைதான் விஷயம். வில்லோவில் ஒரு க்யூபிட் தன் நிலையைக் காப்பது சராசரியாக 100 மைக்ரோவிநாடிகூட இல்லை. பலவற்றைச் சேர்த்து ஒன்றாக ஆக்கினால் பிழையைத் திருத்தலாம் என்று கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1995-லேயே காட்டிவிட்டார். ஆனால் பல்லக்குத் தூக்க வருகிறவர்களே தள்ளாடினால், ஆள் சேரச் சேர பல்லக்கு இன்னும்தான் ஆடும். வில்லோவில் 3×3, 5×5, 7×7 என்று க்யூபிட் கட்டத்தைப் பெரிதாக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் பிழை சுமார் 2.14 மடங்கு குறைந்தது. ஆள் சேர்ந்தும் பல்லக்கு ஆடவில்லை.

பழைய கணக்கன்:
7×7-க்கு எத்தனை க்யூபிட்? பிழையைக் கவனிக்கும் துணை க்யூபிட்களும் சேர்த்து 101. அத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு க்யூபிட்! அதுவும் நினைவில் வைத்திருந்ததோடு சரி, கூட்டல் கழித்தல்கூட இல்லை. 2001-ல் குவாண்டம் கணினி 15-ஐ 3×5 என்று பிரித்ததைக் கொண்டாடினோம். அதற்கு மேல் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்?

ஊர்க்குருவி:
நான் வங்கி மென்பொருள் பக்கம். எனக்குப் பயம் சிப்பைப் பார்த்து இல்லை. இணையத் தகவலைப் பூட்டும் 2,048 பிட் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்கப் பூட்டை உடைக்க 2 கோடி க்யூபிட், 8 மணி நேரம் வேண்டும் என்று ஆய்வாளர்கள் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எகெரோவும் 2019-ல் கணக்கிட்டார்கள். 2025-ல் அதே கிட்னி, 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட், ஒரு வாரத்துக்குள் போதும் என்கிறார். அவர் கூகுள்காரர்தான், ஆனால் கணக்கை யாரும் சரிபார்க்கலாம். சிப் வளரும் முன்பே இலக்கு இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பூட்டிய தகவலை இன்று திருடி வைத்துக்கொண்டு நாளை திறப்பவனுக்கு அவசரமே இல்லை.

பழைய கணக்கன்:
அதற்குத்தான் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில், குவாண்டம் கணினிக்கும் அசையாத பூட்டுகளுக்கான புதுத் தரங்களை வெளியிட்டுவிட்டதே. அவை சாதாரணக் கணினியிலேயே ஓடும். பூட்டை மாற்றுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? நம் தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6,003.65 கோடி ரூபாய் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

குளிர்பெட்டி:
அதில் கம்ப்யூட்டர் ஒரு பகுதிதான். சென்சர், அணுக் கடிகாரம், தகவல் தொடர்பு எல்லாம் உண்டு. தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில். இந்த வேலைக்குக் கை பழகவே காலம் ஆகும். எங்கள் லேபில் சிப்பை வைக்கும் குளிர்பெட்டி 10 மில்லிகெல்வினுக்கு, அதாவது குளிரின் கடைசி எல்லைக்குப் பக்கத்தில், இறங்க இரண்டு நாள். உள்ளே ஒரே ஒரு கேபிள் தளர்ந்திருந்தால் சூடாக்கு, திற, இறுக்கு, மறுபடி இரண்டு நாள். போன மாதம் அப்படி ஒரு வாரம் போனது. இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்கிறேன். அதே நேச்சர் கட்டுரையில், வேறோர் எளிய பிழைதிருத்தக் குறியீட்டை நெடுநேரம் ஓட்டிப் பார்த்தார்கள். சுமார் மணிக்கு ஒருமுறை பல க்யூபிட்கள் சேர்ந்தாற்போல் தடுமாறின. காரணம் அப்போது பிடிபடவில்லை.

பழைய கணக்கன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! சரி, 2.14-ஐ ஒப்புக்கொள்கிறேன். 15×15 வரை அதே வேகத்தில் குறைந்தால் வாருங்கள், டீ என் செலவு. பக்கத்து சீட்காரருக்குக் கிடையாது.