ஹைட்ஃபெல்டு ஃபார்முலா ஈ-யில் ஜெயித்தாரா?

செந்தூல்வாசி: 2014இல் புத்ராஜெயாவில் நடந்த ஃபார்முலா ஈ மின்சாரக் கார் ஓட்டத்துக்குத் தம்பியோடு போனேன். மிக்ஸி ஓடுவதுபோல ஒரு கீச்சல், பாதியில் வேறு காருக்கு மாறினார்கள்! நான் போனது ஜெர்மன் ஓட்டுநர் நிக் ஹைட்ஃபெல்டுக்காக. சிப்பாங் ஃபார்முலா ஒன் ஓட்டத்தில் 2009இல் இரண்டாவது, 2011இல் மூன்றாவது வந்தவர் ஆச்சே. மின்சாரக் காரிலாவது ஜெயித்தாரா?

பத்துமலை பைக்கர்: இல்லை அண்ணே. 2014 பெய்ஜிங்கில் கைக்கு எட்டியது. கடைசி வளைவில் நிக்கோலா புரோஸ்ட் குறுக்கே வந்து இடிக்க, இவர் கார் பறந்து தடுப்பில் மோதியது. தானே வெளியே வந்துவிட்டார். வெற்றி டி கிராஸிக்கு.

பங்சார் அக்கா: அப்புறம் மஹிந்திரா அணியில் பல மூன்றாமிடங்கள். ஃபார்முலா ஒன்னிலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்து 13 முறை மேடை ஏறியும் வெற்றி இல்லை. என்ன ராசியோ!

பத்துமலை பைக்கர்: ஜெர்மன்காரர் ஒருவர் ஃபார்முலா ஈ பட்டம் வென்றது 2024இல்தான். போர்ஷே அணியின் வேர்லைன்.