எலும்பு ஓரத்தில் வலி: ஷூவை மாற்றுவதா, ஓட்டத்தை மாற்றுவதா?

கேள்வி: சத்துவாச்சாரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். வயது நாற்பதை நெருங்குகிறது. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் அலுவலக வேலை. மழைக்காலம் முடிந்ததும் கோட்டை அகழியை ஒட்டிய பூங்காவில் காலை நடைக்குச் செல்லத் தொடங்கி, பொங்கலுக்குப் பிறகு அந்த நடையை மெல்ல மெல்ல ஓட்டமாக மாற்றிக்கொண்டேன். இந்த ஆண்டுக்குள் 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கலந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை வந்தபின், சில வாரங்களிலேயே ஓடும் தூரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, பூங்காவுக்குப் பதிலாக வீட்டுக்கு அருகில் இருக்கும் நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலையில் ஓடிவருகிறேன்.

இப்போது இரண்டு கால்களிலும், வலது காலில் சற்றுக் கூடுதலாக, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே எலும்பின் உட்பக்க ஓரம் நெடுக வலிக்கிறது. ஓடத் தொடங்கும்போது வலிக்கிறது, உடல் சூடானதும் குறைந்துவிடுகிறது, மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது மறுபடியும் தெரிகிறது. நான் அணிவது எல்லா விளையாட்டுக்கும் பொதுவானது என்று வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ. குதிகாலின் வெளிப்பக்கம் நன்றாகத் தேய்ந்துவிட்டது. கடையில் கேட்டபோது, என் பாதம் தட்டையாக இருப்பதால் உட்பக்கம் கெட்டியாகச் செய்த ‘ஸ்டெபிலிட்டி’ ஷூதான் வேண்டும் என்றார்கள். பக்கத்திலேயே கார்பன் தகடு வைத்த ஷூ ஒன்றையும் காட்டினார்கள். இரண்டுமே என் கைக்கு மீறிய விலை. அவ்வளவு செலவு செய்தால் இந்த வலி தீருமா? இந்த வெயிலில் பயிற்சியைத் தொடரலாமா? அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில்: காட்பாடி ஓட்டக்காரர்

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடன் என் கண்ணில் பட்டது ஷூ அல்ல, “சில வாரங்களிலேயே இரட்டிப்பாக்கி” என்ற சொற்கள்தான். நீங்கள் விவரிக்கும் வலியை ஓடுபவர்கள் ‘ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்’ என்பார்கள். புதிதாக ஓடத் தொடங்குபவர்களிடமும், தூரத்தைத் திடீரென்று கூட்டுபவர்களிடமும் இது மிகவும் சாதாரணமாகக் காணப்படுவது. நெஞ்சும் நுரையீரலும் பயிற்சிக்குச் சீக்கிரம் பழகிவிடும். மூச்சு வாங்குவது குறைந்ததும் இன்னும் ஓடலாம் என்று மனம் சொல்லும். ஆனால் எலும்பும், அதைப் பற்றியிருக்கும் தசைநாரும் புதிய சுமைக்கு ஏற்பத் தம்மைக் கெட்டிப்படுத்திக்கொள்ள மாதக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்கின்றன. அந்த இடைவெளியில்தான் இந்த வலி வருகிறது.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். எலும்பின் ஓரத்தை விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் நான் சொன்ன வகையைச் சேர்ந்தது. மாறாக, ஒரே ஒரு புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலி விடவில்லை என்றாலோ, அந்தக் காலில் மட்டும் நின்று ஒருமுறை குதிக்க முடியவில்லை என்றாலோ, ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அது எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசலாக இருக்கக்கூடும். தொடக்க வாரங்களில் அந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்பதால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் வலி நீடித்தால் மீண்டும் போய்க் கேட்கத் தயங்க வேண்டாம்.

பரவலான வலிதான் என்றால், ஓட்டத்தை முழுவதும் விட வேண்டியதில்லை. தூரத்தைப் பாதியாகக் குறைத்து, நான்கு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். சொல் சொல்லாக அறுந்து வந்தால் வேகம் அதிகம் என்று பொருள். இரண்டு நாள் தொடர்ந்து ஓடாதீர்கள். ஓடாத நாளில் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்கும் பயிற்சியைச் செய்யுங்கள். முதலில் முழங்காலை நீட்டியபடியும், பிறகு சற்று மடக்கியபடியும் செய்தால் கெண்டைக்காலின் இரு தசைகளும் வலுப்பெறும். எனக்கு இந்த எளிய பயிற்சி செய்த நன்மையை எந்த ஷூவும் செய்ததில்லை என்று மனமார நம்புகிறேன்.

ஓடும் இடத்தையும் கவனியுங்கள். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் ஓரம் சரிவாக இருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக விழுந்துகொண்டே இருக்கும். வலது காலில் வலி கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சில வாரங்களுக்காவது கோட்டைப் பூங்காவுக்கோ நேதாஜி மைதானத்தின் மண் தரைக்கோ திரும்பிவிடுங்கள். மைதானத்தில் சுற்றும்போது ஒரு நாள் இடமாகவும் ஒரு நாள் வலமாகவும் சுற்றுவது நல்லது. மென்மையாக இருக்கிறதே என்று பாலாற்று மணலில் மட்டும் இப்போது ஓட வேண்டாம். கால் புதையும் மணலில் கெண்டைக்கால் தசை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். வலி உள்ள காலுக்கு அது ஆகாது.

பதில்: ஆம்பூர் ஷூ தொழிலாளி

வணக்கம் அம்மா. ஆம்பூரில் ஷூ ஆலையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன், விடுமுறை நாட்களில் ஓடவும் செய்கிறேன். காட்பாடி நண்பர் வலியைப் பற்றிச் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஷூவைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பெரும்பாலும் தோல் ஷூதான். ஆனால் பழைய வடாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த செய்யாற்றில், சிப்காட் வளாகத்தில், உலகம் முழுவதும் விற்கும் நைக்கி ஷூக்கள் தயாராகின்றன. தோல் ஷூவோ ஓட்ட ஷூவோ, எல்லாவற்றுக்கும் அடிப்படை ‘லாஸ்ட்’ எனப்படும் கால் வடிவ அச்சுதான். ஒவ்வொரு நிறுவனத்தின் அச்சும் வேறு வேறு. ஒரு நிறுவனத்தின் 6ஆம் எண் உங்களுக்குச் சரியாக இருந்தால் மற்றொன்றின் 6ஆம் எண்ணும் சரியாக இருக்கும் என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது. நம் நாட்டில் புழங்கும் பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் வேறுபாடு. ஓடும்போது பாதம் சற்று வீங்கும், முன்னோக்கி நகரும். ஆகவே மாலை நேரத்தில், ஓடும்போது அணியும் அதே சாக்ஸுடன் கடைக்குச் சென்று, எழுந்து நின்றபடி நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நம்மவர்களில் பலருக்கு முன்பாதம் அகலம். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த கால்கள் அல்லவா! சில நிறுவனங்கள் ‘2ஈ’, ‘4ஈ’ என்று அகலமான வகைகளையும் தருகின்றன. சுண்டுவிரல் பிதுங்கும் ஷூவை, கொஞ்ச நாளில் இளகிவிடும் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். தோல் இளகும், ஓட்ட ஷூவின் பின்னல் துணி அந்த அளவுக்கு இளகாது.

தட்டைப் பாதத்துக்கென்று தனி ஷூ வேண்டும் என்பது பல காலமாகச் சொல்லப்பட்டுவரும் கருத்து. அமெரிக்காவில் தரைப்படை, விமானப்படை, மரைன் படை ஆகிய மூன்றிலும் புதிதாகச் சேர்ந்த வீரர்களுக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ தந்த ஆய்வுகளின் முடிவுகள் 2009, 2010 ஆண்டுகளில் வெளிவந்தன. பாத வளைவுக்கு ஏற்ற ஷூ அணிந்தவர்களுக்கும், எல்லோருக்கும் ஒரே வகை ஷூ தரப்பட்டவர்களுக்கும் காயங்களில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. அதன்பின் 2015இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக் என்ற உடலியக்க அறிஞர், காலுக்கு எது சுகமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதே நல்ல வழி என்ற கருத்தை முன்வைத்தார். ஆகவே பாதம் தட்டை என்ற காரணத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். போட்டுப் பார்த்து, கடைக்குள்ளேயோ வாசலிலோ சில தப்படிகள் ஓடிப் பார்த்து, எது உறுத்தாமல் இருக்கிறதோ அதை எடுங்கள்.

கார்பன் தகடு வைத்த ஷூ வேகமாகப் போட்டி ஓடுபவர்களுக்காகச் செய்யப்படுவது. 2020இல் உலகத் தடகள அமைப்பு சாலைப் போட்டி ஷூக்களின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு தகட்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்று வரம்பு விதிக்கும் அளவுக்கு அவற்றால் வேகம் கூடியது உண்மைதான். ஆனால் அதில் வைக்கும் மென்மையான ஃபோம் பெரும்பாலும் சீக்கிரம் துவண்டுவிடும். அன்றாடப் பயிற்சிக்கும், வலியோடு இருக்கும் காலுக்கும் அது ஏற்றதன்று.

இப்போதுள்ள ஷூவைக் கையில் எடுத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குதிகாலின் வெளிப்பக்க ரப்பர் தேய்வது பலருக்கும் இயல்பு; அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது ரப்பருக்கும் மேல்துணிக்கும் நடுவில் இருக்கும் ஃபோம் அடுக்கை, அதாவது மிட்சோலை. அதன் பக்கவாட்டில் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் நிரந்தரமாக விழுந்திருக்கின்றனவா, கட்டைவிரலால் அழுத்தினால் மீண்டு எழாமல் கட்டையாக இருக்கிறதா, சமதளத்தில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதேனும் இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஓர் ஓட்ட ஷூ உழைக்கும் என்பார்கள். உடல் எடை, தரை, ஃபோமின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும். முந்தைய ஆண்டு வந்த மாடலைக் கழிவு விலையில் வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் அடிப்பாகம் பாலியூரித்தேன் வகையாக இருந்து, பல ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்திருந்தால், காற்றின் ஈரத்திலேயே அது உள்ளுக்குள் சிதைந்து, அணிந்த சில நாட்களில் உதிர்ந்துவிடும். பெட்டியில் தயாரிப்பு மாதம் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

பதில்: குடியாத்தம் வாசகி

அக்கா, வெயிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. மாலையில் சூரியன் மறைந்த பிறகும் பாறைக் குன்றுகளும் தார்ச் சாலையும் பகலில் வாங்கிய வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருப்பதால், விடியலுக்கு முந்தைய நேரம்தான் ஓடுவதற்கு ஏற்றது. வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் வரை ஆகும். அந்தக் காலத்தில் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கத் தொடங்கும், அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு முன்பைவிடக் குறையும். ஆகவே கோடை தொடங்கும்போது வேகம் குறைந்துவிட்டதே என்று வருந்தாமல் மெதுவாகவே ஓடுங்கள்.

தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடித்தால் போதும். வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து அதுவே ஆபத்தாகிவிடும். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. அதிகம் வியர்த்த நாளில் ஓ.ஆர்.எஸ். குடிப்பதானால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். ஒரு டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலப்பது சரியான முறையன்று. தலை சுற்றி, பேச்சுத் தடுமாறி, என்ன செய்கிறோம் என்று தெரியாத நிலை வந்தால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தனியாக ஓடும் பெண்கள் இதற்காகவே வீட்டில் வழியைச் சொல்லிவிட்டுச் செல்வது நல்லது.

யாரும் சொல்லாத இன்னொன்று: நம் போன்ற பெண்களுக்கு ஷூவுக்கு அடுத்தபடியாகச் செலவு செய்யத் தகுந்தது, ஓடுவதற்கென்றே செய்த நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா. பருத்திச் சுடிதார் வியர்வையில் நனைந்து கனத்துத் தொடையில் உராயும். சீக்கிரம் உலரும் துணியில் தளர்வான டீ-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் போதும். இருட்டில் ஓடும்போது வெளிர்நிற உடை அணியுங்கள். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடந்து கடந்துவிடுங்கள். ஓடினால்தான் அது மேலும் துரத்தும்.

கேள்வி கேட்டவர்: சத்துவாச்சாரி வாசகி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. எலும்பை அழுத்திப் பார்த்தேன். வலி பரவலாகத்தான் இருக்கிறது, இரவில் தெரியவில்லை. மிட்சோலில் ஆம்பூர் ஐயா சொன்ன கோடுகள் தெளிவாக விழுந்திருக்கின்றன. இன்று மாலை வேறு கடைக்குச் சென்று, விலை குறைவான சாதாரணப் பயிற்சி ஷூ ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். முன்பாதத்துக்கு மிகவும் சுகமாக இருக்கிறது, ஆனால் குதிகால் மட்டும் சற்று மேலெழும்பி வழுக்குகிறது. அரை எண் குறைத்தால் விரல் இடிக்கிறது. இதை வாங்கலாமா?

பதில்: ஆம்பூர் ஷூ தொழிலாளி

முன்பாதத்துக்குச் சுகமாக இருந்தால் அளவைக் குறைக்காதீர்கள் அம்மா. பெரும்பாலான ஓட்ட ஷூக்களில் கணுக்காலை ஒட்டி, சற்றுப் பின்தள்ளி, கூடுதலாக ஒரு லேஸ் துளை இருக்கும். அந்தக் கடைசித் துளையில் லேஸை வெளியிலிருந்து உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் சிறு வளையம் ஒன்றை விட்டுவைக்க வேண்டும். பிறகு வலப்பக்க நுனியை இடப்பக்க வளையத்திலும், இடப்பக்க நுனியை வலப்பக்க வளையத்திலும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து, வழக்கம்போல் முடிச்சுப் போட வேண்டும். குதிகால் பின்புறத்தோடு ஒட்டி நிற்கும், விரல்களுக்கு இடமும் குறையாது. கடையிலேயே இப்படிக் கட்டிக்கொண்டு சற்று ஓடிப் பாருங்கள். அப்போதும் குதிகால் வழுக்கினால் அந்த அச்சு உங்கள் காலுக்குச் சேராதது. வேறு நிறுவனத்தின் ஷூவை எடுத்துப் பாருங்கள்.