பிரீஹப்புக்கு 'கட்டற்ற குடம்' பொருந்துமா?

அன்புள்ள அக்காவுக்கும் குழுவினருக்கும் வணக்கம். சைக்கிள் பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் பிரீஹப்புக்கு (freehub) நம் குழுவில் வந்த தமிழ்ச்சொல் பரிந்துரை இது:

> பிரீஹப் = கட்டற்ற குடம். மென்பொருளில் 'கட்டற்ற' நிலைத்துவிட்டது, இங்கும் அதையே வைக்கலாம்.

குடம் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் குடம், ஆரக்கால், வட்டை என்று தச்சர்கள் சொல்லிவந்த சொல்தானே. அகராதியில் குறடு என்றும் இருக்கிறது. ஆனால் சைக்கிள் கடையில் குறடு கேட்டால் கம்பி முறுக்குகிற குறட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

'கட்டற்ற' என்பதுதான் இடிக்கிறது. மென்பொருளில் அது பயனரின் உரிமையைச் சொல்கிறது. இங்கே நடப்பது வேறு. மிதித்தால் உள்ளே இருக்கும் சிறு உலோக நாக்குகள் பல்வளையத்தில் மாட்டிக் குடத்தை இழுக்கின்றன. மிதிப்பதை நிறுத்தினால் பல்லின் மேல் டிக் டிக்கென்று வழுக்கிப் போகின்றன. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும்போது வழியெல்லாம் கேட்பது அந்த வழுக்கல். திரும்பி மேடேறும்போது நம் காலின் முழு விசையும் இறங்குவது அந்த நாக்குகளின் பிடியில். அந்தப் பிடிக்குத்தான் பெயர் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணம், நான் பட்டது. என் பழைய வண்டிக்குப் புதுப் பல்லடுக்கு (பின்னால் சங்கிலி ஓடும் பற்சக்கரங்களின் அடுக்கு) வாங்கிவந்து மாட்டப் பார்த்தால் உட்காரவே இல்லை. வண்டியில் இருந்தது பிரீவீல், நான் வாங்கியது பிரீஹப்பில் செருகுகிற கேசட். எனக்கும் கடைக்காரருக்கும் இரண்டுமே 'பிரீ'தான். பிரீவீலில் பிடியும் பற்களும் ஒரே உருப்படியாகக் குடத்தின் மேல் மரையில் திருகி ஏறும். பிரீஹப்பில் பிடி குடத்தோடு சேர்ந்தது, பல்லடுக்கு மட்டும் தனியாகக் கழன்று வரும். ஷிமானோ 1978இல் இந்த அமைப்பைக் கொண்டுவந்தது. இதனால் வலப்பக்க பேரிங்கைக் குடத்தின் வெளி ஓரம் வரை தள்ளிவைக்க முடிந்தது. பிரீவீல் குடத்தில் பேரிங் உள்ளே தங்கிவிடும். அதற்கு வெளியே தாங்கலில்லாமல் நீளும் அச்சு, மூட்டை ஏற்றிய வண்டி பள்ளத்தில் விழுந்தால் வளையும். எனக்கு இரண்டு முறை வளைந்தது. ஆகவே, பிடி எங்கே இருக்கிறது என்பதைப் பெயரே காட்டினால் வாங்குகிறவர் ஏமாற மாட்டார்.

என் முன்மொழிவு: பிரீஹப் பிடிகுடம், பிரீவீல் பிடிப்பல்லடுக்கு, கேசட் வெறும் பல்லடுக்கு. பிடிகுடத்தில் பல்லடுக்கைச் செருகும் பகுதிக்குப் பிடியுருளை.

இந்தக் கடைசிச் சொல் எனக்கு மிகவும் முக்கியம். நீடித்து உழைக்குமா என்ற பேச்சு முழுக்க அதன் உலோகத்தைப் பற்றியது. அலுமினியப் பிடியுருளை எடை குறைவு, ஆனால் மெத்து. எஃகுப் பற்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றால், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது உருளையின் மேல் அவற்றைச் செருகும் நீள வரிகளைக் கடித்துவிடும். அப்புறம் கழற்றும்போது சக்கரம் அந்த வெட்டில் சிக்கிக்கொண்டு வராது. பல சக்கரங்களை ஒரே தாங்கியில் பிணைத்த பல்லடுக்கு என்றால் விசை பரவிக் கடி குறையும். எஃகுப் பிடியுருளைக்கு இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை, எடைதான் கூடுதல். டைட்டானியம் இரண்டுக்கும் நடுவே, விலைதான் எட்டாது. வத்தல்மலைக்கு ஏறுகிறவர், பின்னால் மூட்டை கட்டுகிறவர் யார் கேட்டாலும் எஃகையே சொல்வேன்.

பிடிகுடம் என்றால் கைப்பிடி வைத்த தண்ணீர்க்குடம் போல ஒலிக்கிறது என்று யாராவது சொல்லலாம். நானும் யோசித்தேன். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, பிடிக்கிற குடம். 'ஒருவழிப்பிடிக் குடம்' இன்னும் துல்லியம்தான், ஆனால் கடை வாசலில் நின்று அவ்வளவு நீளமாக யாரும் கேட்க மாட்டார்கள்.

ஸ்பிளைன் என்பதற்கு மேலே 'வரி' என்று எழுதியிருக்கிறேன், எனக்கே நிறைவில்லை. அக்கா, நீங்கள் கிருஷ்ணகிரியில் இருக்கிறீர்கள். ஓசூர்ப் பக்கம் லேத் பட்டறையில் அதை வாய்ச்சொல்லாக எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா?