கூரை இறப்பில் அடித்த அலுமினியத் தகடு தொங்குகிறது, நெளியாமல் கழற்றுவது எப்படி?

மல்லாவிப் பொடியன்:

அக்கா கனடாவில், வீடு மல்லாவியில், சாவி என்னிடம். அங்கே பார்த்த மாதிரியே வேண்டும் என்று, கூரை வெளியே நீட்டியிருக்கும் இறப்பின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை அலுமினிய சொஃபிட் தகடு அடிப்பித்தார். ஒரு அடி அகலத் துண்டுகள், ஒன்றோடொன்று கொளுவி நிற்பவை. இடைக்கிடை ஊசித்துளை போட்ட துண்டும் உண்டு. நீட்டம் இரண்டு அடி வரும்.

போன மாரிக்குப் பிறகு குசினிப் பக்கம் மூன்று துண்டுகள் வெளி நுனியில் இறங்கிவிட்டன. இந்தச் சோளகக் காற்றுக்கு இரவிரவாகப் படபடவென்று அடிக்கிறது, பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கு நித்திரை இல்லை. அதே இடத்து லைட் மழை வந்தால் மினுங்குகிறது. போதாததற்கு வௌவால் மணமும்.

தகடு அடித்தவர் போன் எடுப்பதில்லை. ஊர் ஓடாவி வந்து பார்த்து, "நடுவிலே பிடித்து இழுத்தால் வரும், நெளிந்தால் நான் பொறுப்பில்லை" என்றார். வேறு வழி இருக்கிறதா? உள்ளே வயரையும் பார்க்க வேண்டும். அக்கா ஆவணியில் வருகிறார்.

கரிப்பட்டமுறிப்பான்:

தம்பி, காற்றை மட்டும் பழி சொல்லாதே. எங்கள் பக்கம் குரங்கு கூரையிலிருந்து மழைத்தண்ணீர்ப் பீலியில் தொங்கித்தான் மாமரத்துக்குப் பாயும். பீலி ஆடினால் அதைத் தாங்கும் பலகை ஆடும், பலகை ஆடினால் தகடு இறங்கும். மரக்கொப்பை முதலில் வெட்டு.

தகரடப்பா, குருமன்காடு:

அலுமினியம்தான் என் பிழைப்பு. ஓடாவி சொன்னதைச் செய்யாதே. இந்த மெல்லிய தகடு ஒருமுறை மடிந்தால் கோடு போகாது. தட்டத் தட்ட இன்னும் கேவலமாகும்.

சுவர்ப் பக்க நுனி சும்மா ஒரு சனலுக்குள், அதாவது பள்ளமான சட்டத்துக்குள், செருகித்தான் இருக்கும். ஆணி வெளிப்பக்கத்தில். பீலியைத் தாங்கும் வலன்ஸ் பலகையின் அடியில் துண்டுகளை அடித்துவிட்டு, பலகையை மூட எல் வடிவத் தகடு ஏற்றுவார்கள். அதன் கீழ் மடிப்பு ஆணியை மறைத்துவிடும், அதனால் கீழே நின்று பார்ப்பவனுக்கு ஒன்றும் பிடிபடாது. ஆகவே ஏணியை முன்பக்கம் வை. எல் தகட்டின் அடி மடிப்பில் உள்ள சின்ன ஆணிகளை மெல்லிய தகட்டால் நெம்பி எடுத்து எல் தகட்டை இறக்கு, பிறகு துண்டின் நுனி ஆணியை எடு. அதற்குப் பிறகு துண்டைச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக நேரே இழுத்தால் அலுமாரி லாச்சி மாதிரி வழுக்கி வரும். பீலி அந்த எல் தகட்டுக்கு மேலே அடித்திருந்தால் அந்த நீளத்துக்குப் பீலியையும் இறக்க வேண்டும். அதற்குப் பஞ்சிப்பட்டுத்தான் எல்லோரும் நடுவில் பிடித்து இழுக்கிறார்கள்.

வழுக்காவிட்டால் நடுச்சட்டத்திலும் ஆணி இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆணி பக்கத்துத் துண்டின் கொளுவலுக்குள் ஒளிந்திருக்கும். அப்போது கடைசியாக அடித்த துண்டிலிருந்துதான் வர வேண்டும். ஒடுக்கமாக நறுக்கிய துண்டு எந்த மூலையில் நிற்கிறதோ, அதுவே கடைசி. அவ்வளவு தூரம் கழற்ற மனமில்லையென்றால் ஒரு துண்டைப் பலி கொடு. தகரக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி இரண்டு பாதியையும் எடுத்து, திரும்ப வைக்கும்போது வெட்டுக்கு இரண்டு பக்கமும் தகடு செருகும் எச் சனல் போடு. லைட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு துண்டை ஸ்குறூவில் விட்டால் பிறகும் திறக்கலாம்.

சரி, ஏன் இறங்கியது? கழற்றியதும் வலன்ஸ் பலகையை நகத்தால் கீறிப் பார். மாவாக வந்தால் பீலி அடைத்து, தண்ணீர் பின்பக்கமாக வழிந்து பலகையில் ஊறியிருக்கிறது. ஆணி பிடிக்க அங்கே மரமே இருக்காது. உக்கிய நீளத்தை வெட்டி மாற்று, கடைசி ஓட்டு வரிசைக்கு அடியில் ஒரு மடித்த தகட்டைச் செருகிப் பீலிக்குள் இறக்கு. இதைச் செய்யாமல் சொஃபிட்டை மட்டும் திருப்பி அடிப்பது காசுக்குக் கேடு.

திரும்ப அடிக்கும்போது இரும்பு ஆணி வேண்டாம், ஸ்டெயின்லெஸ் வாங்கு. எல் தகட்டின் ஆணித் துளையை நீளவாக்கில் பெருப்பித்து, ஆணியை இறுக்காமல் விடு. பன்னிரண்டு அடித் தகடு 40 பாகை வெப்ப வித்தியாசத்துக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் நீளும், இறுக்கினால் வயிறு தள்ளும். துளைத் துண்டுகளுக்குச் சிலிக்கன் பூசி அடைக்காதே, கூரைக்குள் காற்றுப் போக அதுதான் வழி.

மாங்குளம் கரண்ட்:

தகரடப்பா அண்ணை எல்லாம் சொன்னார், முக்கியமானதை விட்டுவிட்டார். லைட் மினுங்குகிறது என்று எழுதிவிட்டு ஏணி ஏறப் போகிறாய். சுவிட்சை அல்ல, மெயினை நிறுத்து. லைட்டுக்கு வெட்டிய ஓட்டையின் விளிம்பு சவர பிளேட் மாதிரிக் கூர். காற்றுக்குத் தகடு ஆட ஆட அது வயரின் தோலைச் சீவும். அந்தத் தகட்டுக்கு எர்த் இல்லாவிட்டால் ட்ரிப் சுவிட்ச் சும்மா இருக்கும். நீ தொட்டு உன் உடம்பு வழியாகக் கரண்ட் போனால்தான் அது விழும். ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடு, எர்த் வயர் இழு.

மல்லாவிப் பொடியன்:

நன்றி அண்ணைமார். பீலியை இறக்கித்தான் எடுத்தேன். அடியில் ஒரு சாண் வேப்பஞ்சருகு. வலன்ஸ் பலகை குசினி மூலையிலிருந்து ஆறடி உக்கல். மூன்று துண்டும் நெளியாமல் வந்தன. வயரை மெயின் நிறுத்திப் பார்த்தேன், ஓட்டை விளிம்பில் செப்பு தெரிகிறது. எர்த் இல்லை. மாங்குளத்து அண்ணை, தனியாகக் கதைக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. வௌவாலை என்ன செய்வது? நாலாவது துண்டு ஒன்று முன்பே நசிந்திருக்கிறது, கடையில் உள்ள புது வெள்ளை இந்த வெள்ளையோடு ஒத்து வரவில்லை.

தகரடப்பா, குருமன்காடு:

இப்போதே அடைக்காதே. பொழுதுபட எந்த இடைவெளியால் வெளியே போகின்றன என்று பார். குட்டி இருந்தால் வளர்ந்து பறக்கும் வரை பொறு, இல்லாவிட்டால் உள்ளே செத்து நாறும். பிறகு அந்த இடைவெளிக்கு மேலேயும் இரண்டு பக்கமும் பிடித்து, அடியைத் திறந்தபடி வலையைத் தொங்கவிடு. வெளியே போகலாம், திரும்பி நுழையத் தெரியாது. ஒன்றும் இல்லையென்று ஆனதும் அடை. எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாதே, தண்ணீர் தெளித்து, மூக்கைக் கட்டிக்கொண்டு அள்ளு.

நிறத்துக்கு வழி இருக்கிறது. வெயிலுக்கு வெளிறிய வெள்ளையோடு புதுசு ஒத்து வராது. பின்பக்கம், கிணற்றடிப் பக்கம், ஆரும் அண்ணாந்து பார்க்காத இடத்தில் ஒரு பழைய துண்டைக் கழற்றி முன்னுக்குப் போடு. புதுசை அங்கே செருகு.