வினைமிகு நைட்ரஜன் உருக்கள்: 'இனம்' வேண்டாமே

வணக்கம்.

ஈஸ்ட் கட்டுரையில் வரும் 'reactive nitrogen species' (நைட்ரிக் ஆக்சைடு போல எளிதில் வினைபுரியும் நைட்ரஜன் பொருள்கள்) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற விவாதத்துக்கு என் பதில் இது. முன்வைக்கப்பட்ட 'நைட்ரஜன் இனங்கள்' என்பதற்கு என் ஓட்டு இல்லை. கட்டுரையே ஈஸ்ட்டைப் பற்றியது. ஒரு வரியில் 'ஈஸ்ட் இனம்', அடுத்த வரியில் 'நைட்ரஜன் இனம்' என்றால் படிக்கிற மாணவர் குழம்பத்தான் செய்வார். 'சேர்மங்கள்' என்ற யோசனை நைட்ரிக் ஆக்சைடுக்குப் பொருந்தும். ஆனால் பெராக்சிநைட்ரைட்டு ஓர் அயனி. அதைச் சேர்மம் என்று எழுதினால் வேதியியல் ஆசிரியர் சிவப்பு மையைத் தேடுவார்.

மூலக்கூறு, அயனி, தனிஉறுப்பு (radical) எல்லாவற்றுக்கும் 'உரு' இடம் கொடுக்கிறது. ஆகவே 'வினைமிகு நைட்ரஜன் உருக்கள்' என்று வைக்கலாம். ஆக்சிஜனுக்கும் இதே வார்ப்பு செல்லும். இன்னொரு யோசனையான 'நைட்ரஜன் நஞ்சுகள்' சுருக்கம்தான், ஆனால் நைட்ரிக் ஆக்சைடு நம் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் சமிக்ஞையும்கூட. அளவு மீறினால்தான் வம்பு.

இன்னொரு சிக்கல், கட்டுரையில் வரும் 'நைட்ரஜனேற்றம்' என்ற சொல். இரண்டு வேறு வினைகளை இந்த ஒரே சொல்லில் அடைத்திருக்கிறோம். நைட்ரிக் ஆக்சைடு தானாக டிஎன்ஏவைப் பெரிதாகத் தாக்குவதில்லை. ஆக்சிஜனோடு வினைபுரிந்து டைநைட்ரஜன் டிரைஆக்சைடு உருவானால், அது டிஎன்ஏ காரங்களின் (சைட்டோசின், குவானின் போன்ற டிஎன்ஏ 'எழுத்து'களின்) அமினோ தொகுதியில் நைட்ரோசோ தொகுதியை ஏற்றுகிறது. அப்புறம் அந்த அமினோ தொகுதியே கழன்றுவிடும். சைட்டோசின் இருந்த இடத்தில் யுராசில் நிற்கும். டிஎன்ஏ நகலெடுக்கும்போது யுராசிலுக்கு எதிரே குவானினுக்குப் பதில் அடினின் வந்து உட்காரும். அடுத்த சுற்றில் அடினினுக்கு இணையாகத் தைமின் வரும், பிறழ்வு நிலைத்துவிடும். நைட்ரிக் ஆக்சைடு சூப்பராக்சைடோடு (வினைமிகு ஆக்சிஜன் உரு ஒன்று) சேர்ந்தால் கதை வேறு: பெராக்சிநைட்ரைட்டு பிறக்கும், குவானினில் நைட்ரோ தொகுதியை ஏற்றும், இழையையும் அறுக்கும். எனவே முதலாவதை 'நைட்ரோசோவேற்றம்' (nitrosation) என்றும் இரண்டாவதை 'நைட்ரோவேற்றம்' (nitration) என்றும் பிரிப்போம். ஓர் எழுத்து கூடுதல்தான், ஆனால் சேதத்தின் வகையே அதில்தான் இருக்கிறது.

ஈஸ்ட்டின் தற்காப்புக்குப் புதுச்சொல் தேவையில்லை. ஒய்எச்பி1 (YHB1) மரபணு தரும் ஃபிளேவோஹீமோகுளோபின் என்ற புரதம், நைட்ரிக் ஆக்சைடை நைட்ரேட்டாக்கி முடித்துவிடும். தப்பி வந்த யுராசிலை யுஎன்ஜி1 நொதி வெட்டி எடுக்கும். காரம் போன வெற்றிடத்தில் ஏபிஎன்1 என்ற நொதி இழையை நறுக்கித் தர, மற்ற நொதிகள் சரியான காரத்தை வைத்து ஒட்டுகின்றன. இதை 'காரவெட்டுப் பழுதுநீக்கம்' (base excision repair) என்று ஏற்கெனவே எழுதிவருவதே போதும்.

'stress' என்பதைத் 'தகைவு' என்பதா 'நெருக்கடி' என்பதா என்ற கேள்வி பாக்கி. பொறியியலார் தகைவை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். செல்லுக்கு நான் நெருக்கடி என்றே எழுதுவேன். தாவரவியலார் என்ன சொல்கிறீர்கள்?