பால் பைத்தான் கூண்டு: தெர்மோஸ்டாட் சென்சரை எங்கே பொருத்துவது?

வணக்கம். 4x2x2 அடி பிவிசி கூண்டு, வளர்ந்த பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு வகை). இரவில் அறை 18 டிகிரி வரை இறங்குகிறது.

அடியில் இருக்கும் ஹீட் மேட்டை (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) எடுத்துவிட்டு, கூரையில் 100 வாட் செராமிக் ஹீட்டர் மாட்டப் போகிறேன். மேட்டின் மேல் மூன்று அங்குலம் தேங்காய் நார்த்தூள் கிடப்பதால் சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்குகிறது. பாம்பு தோண்டிக்கொண்டு போய்ப் படுத்தால் வயிறு வெந்துவிடும். பீங்கான் ஹோல்டர், பாம்பு நுழைய முடியாத கம்பிக் கூடு, பல்ஸ் தெர்மோஸ்டாட் (சென்சர் காட்டும் சூட்டைப் பார்த்து, ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் கருவி) தயார். சூடான பக்கம் 31–32, மறுபக்கம் 26 டிகிரி வேண்டும்.

சிக்கல் சென்சரில்தான். தரையில் விட்டால் பாம்பு நகர்த்திவிடும். சென்சர் குளிர்ந்த பக்கம் போய்விட்டாலோ தெர்மோஸ்டாட் ஏமாந்து ஹீட்டரை நிறுத்தாமல் ஓட்டும். ஹீட்டர் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து நாலு அங்குல உயரத்தில் கிளிப் போட்டு இறுக்கலாமா? இதே அமைப்பு வைத்திருப்பவர்கள், சென்சர் 32 காட்டும்போது பாம்பு படுக்கும் இடத்தை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் அளந்து சொல்லுங்கள்.

முதல் தெர்மோஸ்டாட் பழுதானால் 35-இல் மின்சாரத்தை வெட்ட இன்னொன்றைத் தொடராக இணைக்கிறேன். அதன் சென்சரும் அதே இடத்தில் போதுமா?

ஹீட் ராக் (மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல்) மட்டும் சிபாரிசு செய்யாதீர்கள், புண்ணியமாகப் போகும்.